சீட்டைக் கேட்டால் மட்டும் போதுமா?

மதுரை சிம்மக்கல்லில் எந்த மெடிக்கல் முன்னால் நின்றாலும் காதில் விழும்: “அண்ணே, காய்ச்சலும் தொண்டவலியும். ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடுங்க.” ஆன்டிபயாடிக்குக்குக் கிருமிகள் அடங்க மறுக்கின்றன என்ற பேச்சு வந்தால் பழி முழுக்க இந்தக் கவுன்டர் மேல்தான். கடையை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இந்த வாதம் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

‘சீட்டில்லாமல் விற்பதுதான் காரணம்.’

விற்கக் கூடாதுதான். பல ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 மருந்துப் பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து அமலில் உள்ளது. அதிலுள்ள மருந்தை யார் எழுதினார், யார் வாங்கினார் என்று பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் டைபாய்டு வந்த பிள்ளைக்குச் சீட்டோடு வாங்குவதும் ஆன்டிபயாடிக்தான். முறைப்படி கொடுத்தாலும் குடலில் தாக்குப்பிடித்த கிருமிகள் மிஞ்சிப் பெருகும். அந்த டைபாய்டு எப்படி வந்தது? விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் தெருவில், குழாய் காலியாகும் நேரம் விரிசல் வழியே சாக்கடை உள்ளே இறங்குகிறது. மறுநாள் முதல் குடம் அதுதான். கடையில் ரெய்டு நடத்தி அந்த விரிசலை அடைக்க முடியாது.

‘புது மருந்து வந்துவிடும்.’

டைபாய்டையே கேளுங்கள். 1972இல் கோழிக்கோட்டில் அது குளோராம்பெனிகாலுக்கு அடங்கவில்லை. பிறகு சிப்ரோ வந்தது, அதுவும் மழுங்கியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் கிளம்பிய டைபாய்டு செஃப்ட்ரியாக்சோனையும் மதிக்கவில்லை. பாகிஸ்தான் 2019 நவம்பரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்த ஊசி தயாரானது நம் தெலங்கானா ஹைதராபாத்தில். மருந்து தோற்ற இடத்தில் தடுப்பு கைகொடுத்தது.

‘ஆஸ்பத்திரிக் கிருமி ஆஸ்பத்திரியோடு போகும்.’

போகாது. டெல்லியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கையும் முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணுவை, தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2இலும் கண்டது. நம் ஊரில் செல்லூர் வழியாக வரும் பந்தல்குடி வாய்க்கால் சாக்கடையைச் சுமந்து வைகையில் விழுகிறது. ஆற்றில்தான் மாடும் மேய்கிறது.

‘மாடு, கோழிக்கு மருந்தில்லாமல் முடியாது.’

நார்வே சால்மன் பண்ணைகள் 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டின. மீனுக்குத் தடுப்பூசி வந்தபின் உற்பத்தி பல மடங்கு ஏறியது. மருந்து நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கறவை மாட்டுக்கும் இதே கணக்கு. பால் கறந்தபின் காம்புத் துளை மூட அரைமணி ஆகும். அதுவரை மாடு சாணத்தில் படுக்காமல் இருக்கக் கொஞ்சம் தீவனம் போட்டு நிறுத்தினால் மடிநோய் குறையும், ஊசியும் குறையும்.

தொற்றைத் தடுத்தாலே ஏழை, நடுத்தர நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 7.5 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று ‘லான்செட்’ இதழ் 2024இல் கணக்கிட்டது. ஆஸ்பத்திரியில் கைகழுவுதலும் சுத்தமும் 3.37 லட்சம், நல்ல தண்ணீரும் கழிப்பறையும் 2.48 லட்சம், குழந்தைத் தடுப்பூசி 1.82 லட்சம்.

மருந்துக் கடைப் பதிவேட்டைப் புரட்டுங்கள்; வேண்டாமென்று யார் சொன்னது? அன்றைக்கே தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சமிருக்கிறதா என்றும் சோதியுங்கள். கடைக்காரருக்கு அபராதம் உண்டென்றால், அந்தக் குழாய்க்குப் பொறுப்பானவரும் பதில் சொல்லத்தான் வேண்டும்.