வேண்டாத கடிதங்களும் வடிகட்டியும்

கணினியில் செய்திக்குழுக்களைப் படிக்கும் அன்பர் சிலர், வேண்டாத விளம்பரங்கள் வந்து குவிவதாக முறையிடுகின்றனர். இது பழைய நோய். 1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க வக்கீல் தம்பதியர், 'கிரீன் கார்டு' குலுக்கலுக்கு உதவுவதாக 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தை இறைத்தனர். அயல்நாடு செல்ல விழைவோரின் ஆசையே அவர்களது மூலதனம்!

மருந்து அதற்கும் முந்தியது. லாரி வால் என்பார் 1984-இல் வெளியிட்ட 'ஆர்.என்.' என்னும் வாசிப்பு மென்பொருளில் 'கில் ஃபைல்' என்றோர் ஏற்பாடு உண்டு. அதில் குறித்த பெயரோ தலைப்போ உடைய கடிதம் நம் கண்ணிற் படாது. இன்று 'தண்டர்பேர்டு' மென்பொருளில், 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' என்னும் பகுதியில் இதனைச் செய்துகொள்ளலாம்.

ஆளைக் கொண்டு தடுப்பதா, சொல்லைக் கொண்டு தடுப்பதா? நாம் சொல்லை நம்பிக் கெட்டோம். நம் மின்னஞ்சலுக்கும் இவ்வடிகட்டியை வைத்து, தலைப்பில் 'விசா' என்றிருப்பின் அழித்துவிடுமாறு விதித்திருந்தோம். நாகலாபுரத்திலிருந்து சித்தி மகன், விசா நேர்காணலுக்காக நம்மிடமிருந்த தன் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு எழுதிய கடிதமும் குப்பைக்குப் போயிற்று. "பதில் எழுதவும் மனமில்லையா, தம்பி?" என்று சித்தி தொலைபேசியில் கேட்டபோது நேர்காணல் நாள் கடந்திருந்தது.

இப்பொழுது அனுப்புவோர் முகவரியைக் கொண்டே தடுக்கிறோம். அழிப்பதில்லை, தனிப் பெட்டியில் ஒதுக்கி, ஞாயிறுதோறும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். முகவரியை மாற்றி மாற்றி எழுதும் கெட்டிக்காரர்களும் உளர். அவர்களையும் அவ்வப்போது பட்டியலிற் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பையன் வேறு நாள் பெற்று நேர்காணலுக்குச் சென்று வந்தான். சித்திதான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.