9,000 மைல், 17 மணி

"லண்டன் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரவாசி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "9,000 மைல்" என்று சொல்ல மாட்டார்; "17 மணி" என்பார். மைல் கல்லை எண்ணிய காலம் போய், கடிகாரத்தைப் பார்த்துத் தூரம் சொல்லும் காலம் வந்துவிட்டது!

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் இந்த இரு நகரங்களுக்கும் இடையே, வழியில் எங்கும் இறங்காமல், குவாண்டாஸ் விமானம் பறக்கத் தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். குளிர் காலத்தில் லண்டன் கடிகாரம் பெர்த் கடிகாரத்துக்கு 8 மணி பின்தங்கியிருக்கும். மாலை 7 மணிக்குக் கிளம்பி 17 மணி நேரம் பறந்தாலும், லண்டனில் இறங்கும்போது விடியற்காலை 4 மணிதான்! கடிகாரத்தின் கணக்கில் 9 மணி நேரப் பிரயாணம். உடம்பு மட்டும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பிரயாண நேரம் கொஞ்சம் குறையும். ஆனால் கடன் வாங்கிய 8 மணியையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆதியில் இந்தப் பிரயாணம் லேசாக இருக்கவில்லை. 1919-ல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள், இரண்டு மெக்கானிக்குகளுடன் இங்கிலாந்திலிருந்து கிளம்பி டார்வின் நகரை அடைய 28 நாள் ஆயிற்று. 30 நாளுக்குள் வந்ததற்காக 10,000 பவுன் பரிசு கிடைத்தது!

யுத்த காலத்தில் நடந்ததுதான் உண்மையான சாகசம். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த ஆகாய மார்க்கம் அறுந்து போயிற்று. 1943 முதல் 1945 வரை, 'காட்டலினா' என்ற கடல் விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, சுமார் 3,500 மைல், ஒரே மூச்சில் பறந்தன. பெட்ரோல் பாரம் போக மூன்றே பிரயாணிகளுக்குத்தான் இடம். துப்பாக்கி கிடையாது. எதிரி காதில் விழுந்துவிடக் கூடாதென்று ரேடியோவும் மௌனம். நட்சத்திரங்களே வழிகாட்டி. ஏறத்தாழ 30 மணி நேரப் பிரயாணத்தில் சூரியோதயத்தை இரண்டு தடவை பார்க்கலாம். பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்க'த்தின் அத்தாட்சிப் பத்திரமும் உண்டு!

1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒழுங்கான விமானப் போக்குவரத்து ஏற்பட்டது. சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று தங்கித் தங்கிப் போய்ச் சேர நாலு நாள். ஆனால் சாமானியர்களுக்கு அது எட்டாக் கனி. யுத்தத்துக்குப் பிறகு 10 பவுன் சலுகைக் கட்டணத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய இங்கிலாந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் கப்பலில்தான் வந்தார்கள். துறைமுகத்தில் கையசைத்த தாய் தகப்பனை மறுபடி பார்ப்போமா என்பது அவர்களில் பலருக்கு நிச்சயமில்லை.

இன்று, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று செய்தி வந்தால், மறுநாளே கட்டிலருகில் போய் உட்கார்ந்துவிடலாம். டிக்கெட்டுக்குப் பணம் மட்டும் இருக்க வேண்டும். கைக்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க இன்னும் எவரும் விமானம் கண்டுபிடிக்கவில்லை!