அரைப் பேர்

“அரைப் பேர்” என்ற சொல் கொழும்பாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் எளிதில் விளங்காது. மஸ்கெலியாவில் பள்ளிக்கூடம் போகும் சிறுமிக்கும் விளங்கும். காலைப் பெரட்டுக்கு வந்து, மலையேறி, தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். அதாவது அரைநாட் சம்பளம். மழை பெய்ததா, மலையில் கொழுந்து இருந்ததா என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. பறித்தவள் வீட்டில் பிள்ளையைத் தனியே வளர்ப்பவள் என்பதும் தெரியாது.

கணவன் இறந்தோ விட்டுப் பிரிந்தோ போனபின் லயக்காம்பராவில் பிள்ளைகளோடு தனித்து வாழும் தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விடலாம். காய்ச்சல் கண்டால் அங்கேயும் விடமுடியாது. பெரிய பிள்ளை பாடசாலை விட்டு வரும்போது தாய் மலையில் நிற்கிறாள். மாதத்தில் நாலைந்து நாட்கள் அவளுக்கு இப்படியே போகும். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அது பழைய கதை. வந்த நாட்களின் சம்பளமும் அதனால் குறைந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாத கதை.

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை ‘730 ரூபாய்’ என்றே பத்திரிகைகள் தலைப்பிட்டன. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டுமே. 140 ரூபாய் உற்பத்தித் திறனுக்கு, 30 ரூபாய் விலைப் பங்குக்கு. எஞ்சிய 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வந்தவருக்கே அது உரியது. பிள்ளைக்கு அம்மை போட்ட மாதத்தில் தாய்க்கு அது கிடையாது. 2019இல் அந்தக் கொடுப்பனவு ஒழிந்தது.

இப்போது அது வேறு வாசலால் வருகிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், நாட் சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கி, அதன்மேல் நாளாந்த வருகைக்கென 200 ரூபாயை அரசே தருவதாக அறிவித்தது. 1,750 ரூபாய்! வரவேற்கிறேன். ஆயினும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். கம்பனி தன் காசை எப்படிக் கொடுக்கிறது என்பது பேரம். அரசு பொதுப்பணத்தை எப்படிக் கொடுக்கிறது என்பது கொள்கை. வருகைக்குக் காசு என்றால், வரமுடியாதவளுக்கு அந்தக் கொள்கையில் இடம் எங்கே?

“வராதவருக்கு எதற்குக் காசு?” என்பார்கள். வராமையும் வரமுடியாமையும் ஒன்றல்ல, ஐயா.

இதே அரசு 2013இல் என்ன செய்தது? வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போகாதே என்றது. 2022இல், டொலர் வற்றிய நேரத்தில், அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. ஆக, பிள்ளையைப் பார்ப்பது தாயின் கடமை என்று விமான நிலையத்தில் அரசுக்குத் தெரிகிறது. தேயிலை மலையில் மட்டும் மறந்துவிடுகிறது.

லண்டனில் வாழும் வாசகர்கள் பழைய ‘வருமான உதவி’யின் விதியை அறிவார்கள். வாரம் 16 மணி நேரம் வேலை செய்தாலே தனித்தாய்க்கு அந்த உதவி நின்றுவிடும். மூடத்தனமான வெட்டுத்தான். அங்கே கூட உழைத்தால் வெட்டு, இங்கே குறைய உழைத்தால் வெட்டு. ஆனாலும் தனியே பிள்ளை வளர்ப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்த விதி உள்ளூர ஒப்புக்கொண்டிருந்தது. நம்மிடம் வேலையற்றோர் கொடுப்பனவே இல்லை. 2023இல் வந்த அஸ்வெசும குடும்பத்தின் வறுமையை 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. இழந்த வேலைநாளுக்கு ஈடு தருவது அதன் வேலையல்ல.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பிள்ளை நோயுற்ற நாளை, வைத்தியரின் துண்டைக் காட்டும் தனித்தாய்க்கு அந்த 200 ரூபாய்க்கு உரிய நாளாகக் கணக்கிடுங்கள். மனைவியை இழந்து பிள்ளை வளர்க்கும் ஆணுக்கும் அதுவே. மடுவத்தைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மாலைவரை திறந்து வையுங்கள். சம்பள நிர்ணய சபையில் அமரும் தொழிற்சங்கத்தார் இதைக் கேட்கவேண்டும். அவர்களது சந்தா மாதாமாதம் அவள் சம்பளத்திலும் வெட்டப்படுகிறது. அரைப் பேர் விழுந்த மாதத்திலும் சந்தா முழுச் சந்தாதான்.