வீடும் பள்ளிக்கூடமும்

குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தால் என்ன என்ற கேள்வி, சில வருஷங்களாகப் பல குடும்பங்களில் எழுந்து வருகிறது. இதற்கு 'ஹோம் ஸ்கூலிங்' என்று ஆங்கிலப் பெயர் சூட்டி, நேற்றுத்தான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய புதுச்சரக்கைப் போலப் பேசிக்கொள்கிறார்கள். திரிசிரபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டால் நகைக்க வேண்டியதுதான். அவ்வூரைச் சுற்றிய சில மைல்களுக்குள்ளேயே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழ்நாட்டின் ஒப்பற்ற புலவர் ஒருவர், பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்க பெரிய ஸ்தாபனம் எதிலும் காலடி வைக்காமலே கற்றுத் தேர்ந்தார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைத்தான் சொல்லுகிறேன். அவர் 1815-ம் வருஷம் திரிசிரபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் உபாத்தியாயர். முதல் ஆசிரியரும் அவரே. பிள்ளையவர்களுக்குத் தமிழில் அடிப்படை வீட்டிலேயே அமைந்தது. தந்தையார் இளமையிலேயே காலமாகிவிட்டார். பிறகு என்ன செய்தார்? திரிசிரபுரத்துக்கு வந்து, ஊரையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார். மடத்தில் தங்கியிருந்த வேலாயுத முனிவரிடம் சில நூல்கள். 'முத்துவீரியம்' என்ற இலக்கண நூலை இயற்றிய உறையூர் முத்துவீர வாத்தியாரிடம் சில சந்தேகங்கள். இப்படி, எவரிடம் எது இருக்கிறதோ அவரிடம் அதைத் தேடிச் சென்றார். தண்டியலங்காரம் கற்பிக்க ஆள் கிடைக்காமல் தவித்தபோது, வீடுவீடாகப் பிச்சை எடுத்து உண்ணும் பரதேசி ஒருவருக்கு அந்நூல் நன்றாகத் தெரியும் என்று அறிந்தார். அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, அவர் மனம் இரங்கும் வேளை பார்த்துப் பாடம் கேட்டு முடித்தார். இந்த வரலாற்றை அவருடைய மாணாக்கர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தாம் எழுதிய சரித்திரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக் கல்வியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பிள்ளையவர்களுக்கு வீடு கொடுத்தது முழுக் கல்வியன்று, கல்வியில் பசி. அந்தப் பசி வந்துவிட்டால் பிள்ளை வாசற்படியைத் தாண்டி வெளியே ஓடுவான். நாலு சுவருக்குள் வைத்துக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறவர்கள் செய்வது வேறு காரியம். அதற்குக் கல்வி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் பிள்ளையவர்களுடைய வாசஸ்தலமே ஒரு கலாசாலையாயிற்று. சம்பளம் என்ற பேச்சே இல்லை. அவர் செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவார். எழுதுகிறவருக்குப் பாடமும் ஆயிற்று, தொழிலும் ஆயிற்று. புதுச்சேரி சவராயலு நாயகர் கிறிஸ்தவர். நாகூர் குலாம்காதிறு நாவலர் முஸ்லிம். இருவரும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. சாமிநாதையர் 1871-ல் மாயூரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் சிவபதம் அடையும் வரையில் உடனிருந்தார். மணியடித்தால் கணக்கு, மறுபடி மணியடித்தால் சரித்திரம் என்ற ஏற்பாடு இருந்திருந்தால், இத்தனை புராணங்களும் பிரபந்தங்களும் ஐந்து வருஷத்துக்குள் ஒரு பிள்ளையின் நெஞ்சில் ஏறியிருக்குமா? ஒரு மாணாக்கனின் வேகத்துக்கு ஏற்ப நடப்பது வீட்டுக் கல்விக்கே உரிய பாக்கியம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் உபாத்தியாயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இது ஏதோ ஒரு மகானுக்கு மட்டும் வாய்த்த விசேஷம் என்றும் எண்ண வேண்டாம். சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்ரோ இராஜதானி முழுவதும் கணக்கெடுக்கச் செய்து 1826-ல் எழுதிய குறிப்பில், சென்னை நகரத்தில் மட்டும் 26,900-க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே படித்து வந்ததாகக் காண்கிறது. பள்ளிகளில் படித்தவர்களைப் போல் இது ஐந்து மடங்கு! தொகை மிகையாயிருக்கலாமென்று மன்ரோவே சந்தேகப்பட்டார். பாதியைத் தள்ளினாலும் மிச்சம் சிறிதன்று. அந்தக் கணக்குகளைத் தேடித் தொகுத்து 1983-ல் தரம்பால் வெளியிட்ட புத்தகம், நம் முன்னோர் எழுத்தறியாதவர்கள் என்ற கூற்றுக்குத் தக்க பதிலாயிற்று. ஆனால் படித்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பெருமைப்படுகிறபோது அந்த வரியை விரலால் மறைத்துக்கொள்வது நியாயமாகாது.

வீட்டில் கற்பித்தலில் மகாத்மா காந்தியும் அடிபட்டவர். தென்னாப்பிரிக்காவில் தம் புதல்வர்களை ஐரோப்பியப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்ப மனமின்றித் தாமே கற்பிக்க முற்பட்டார். தாய்மொழியும், உடலுழைப்பும், சுயமரியாதையும் அவர்களுக்கு வாய்த்தன. போதிய நேரந்தான் வாய்க்கவில்லை. பொதுக் காரியம் நேரத்தை விழுங்கிற்று. பிள்ளைகளுக்குப் பின்னால் அந்தக் குறை இருந்ததை அவர் தமது சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காந்திஜிக்கே கிடைக்காத நேரம், காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் புறப்படும் நமக்குக் கிடைக்குமா என்பதைத் தகப்பனார்கள் முதலில் யோசிக்கட்டும். தாயார் இருக்கிறாளே என்பார்கள். சமையலோடு இந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளை கெட்டிக்காரனானால் மட்டும் "என் பிள்ளை" என்று சொல்லிக்கொள்வது நம்மவர் வழக்கம்!

இன்னொன்றும் உண்டு. உறையூர் பழைய நாளிலிருந்தே நெசவுக்குப் பேர்போன ஊர். தறிக்காரர் வீட்டுக் குழந்தை தார் சுற்றவும், பாவில் அறுந்த இழையை முடியவும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்ளும். இதுவும் வீட்டுக் கல்விதான். விரலுக்கும் கண்ணுக்கும் இதைவிட நல்ல பயிற்சி அரிது. ஆயினும் 1953-ல் ராஜாஜி சர்க்கார், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், மற்ற நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பார்க்கலாம் என்று திட்டம் செய்தபோது நாடே கொந்தளித்தது. 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954-ல் காமராஜ் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. தொழிலை இழிவென்று கருதியா ஜனங்கள் எதிர்த்தார்கள்? இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வீடு சட்டப் புத்தகத்தைக் கொடுக்கும். சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு மூட்டையைத்தான் கொடுக்கும். பெற்றோர் விரும்பி ஏற்கும் வீட்டுக் கல்வி ஒன்று. பிறப்பைக் கொண்டு பிறர் விதிக்கும் வீட்டுக் கல்வி மற்றொன்று. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்ததென்பது என் அபிப்பிராயம்.

பெரிய தொற்றுநோயால் 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லா வீடுகளும் கேளாமலே பள்ளிக்கூடங்களாயின. எந்த வீட்டில் புத்தகமும் பேச்சும் இருந்தன, எந்த வீட்டில் ஒன்றுமில்லை என்பது அப்போது வெட்ட வெளிச்சமாயிற்று. 2021-ல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொண்டர்களைத் தெருக்களுக்கு அனுப்பியது அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். மாலை வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்து படித்தால், சிதம்பரம் பிள்ளை வாத்தியார் பார்த்தால் தம் பள்ளிக்கூடமென்றே எண்ணியிருப்பார்.

துணிந்து இறங்க நினைப்பவர்களுக்குச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறினால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் இல்லை; வீட்டில் கற்பிக்கலாம் என்ற அனுமதியும் எழுத்தில் இல்லை. பரீட்சைக்கு வழியிருக்கிறது. 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொண்டு, தன் வசதிப்படி பாடம் பாடமாகத் தேறலாம், தமிழிலும் எழுதலாம். பதிவுக்கு முன் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் அலைவது அதற்காகத்தான்.