கதிரை இழந்த பிள்ளை

பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளும் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரில் எழுதத்தக்க பொருளோ என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். பிள்ளைத்தமிழின் பருவங்களை மனனஞ் செய்து தேர்வெழுதிய நாம், பிள்ளை விளையாடுவதைப் பற்றிப் பேச வெட்குவது விந்தையே. சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள். கடவுளைப் பிள்ளையாக்கிய புலவன் அப்பிள்ளையை மணலில் இறக்கி விளையாட விட்டான். இன்று வவுனியா நகரத்து மண்டபங்களிலே நாம் செய்வதோ இதன் மறுதலை. பிள்ளையைக் கடவுளாக்கி, முடி சூட்டி, கேக்கின் பக்கத்தில் நிறுத்தி, விளையாட விடாது தடுத்து வைக்கிறோம்.

அண்மையில் அத்தகைய விழாவொன்றுக்குச் சென்றிருந்தேன். ஐந்தாவது பிறந்தநாள். பலூன் வளைவு, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, ஒளிப்படக்காரர் இருவர். கேக் வெட்டுமுன் சங்கீதக் கதிரை என அறிவித்தார்கள். பிள்ளைகள் இருபது, கதிரைகள் பத்தொன்பது. செட்டிகுளப் பக்கத்திலிருந்து உறவினரோடு வந்திருந்த ஒரு சிறுமி முதற் சுற்றிலேயே கதிரை இழந்தாள். அவள் மந்தமானவளல்லள், பாட்டு நின்றால் அசையாமல் நிற்கவேண்டும் என்பதே அவள் அறிந்திருந்த ஆட்டம். ஆகவே நின்றாள். "பிள்ளை அவுட். போய் இருங்கோ" என்றார் அறிவிப்பாளர், ஒலிவாங்கியில். சபை சிரித்தது. அவள் சுவரோரம் போய் இருந்தாள். ஏனையோர் ஆடி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

இதைச் சிறு விடயம் என்போருக்கு ஓர் எளிய கணக்கு. இருபது பிள்ளைகள் ஆடும் சங்கீதக் கதிரையில் சுற்றுகள் பத்தொன்பது. எல்லாரும் எல்லாச் சுற்றிலும் ஆடினால் 380 முறை ஆடியிருப்பர். சுற்றுக்கொருவராக வெளியேறுவதால் ஆடக் கிடைப்பது 209 முறையே. எஞ்சிய 171 முறையும் யாரோ ஒரு பிள்ளை கைகட்டிப் பார்த்திருக்கிறது. முதலில் வெளியேறிய பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு சுற்று, பார்த்திருந்தது பதினெட்டு. ஓடவும் முந்தவும் வல்ல பிள்ளை மேலும் ஓடுகிறது. எப்பிள்ளைக்கு விளையாட்டு மிகத் தேவையோ, அப்பிள்ளைக்கே அது முதலில் மறுக்கப்படுகிறது. போட்டிப் பரீட்சைகளை மையமாகக் கொண்ட நமது கல்விமுறை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலோடு தொடங்குகிறது என்று கருதியிருந்தேன். அது ஐந்தாவது பிறந்தநாளிலேயே தொடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் நமது பண்பாட்டுக் காவலர் எழுந்து, "பார்த்தீர்களா, மேலைநாட்டு ஆட்டத்தின் கேட்டை" என்பர். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. சங்கீதக் கதிரை வந்த ஆட்டந்தான். ஜேர்மனியர் அதனை 'எருசலேம் பயணம்' என்ற பெயரால் வழங்குவர். ஆயின் கேக்கும் மெழுகுதிரியும் வந்தவையே. பிறந்தநாள் விருந்தும் வந்ததே. நம்மவர் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்வித்து, வீட்டில் பாயாசம் வைத்ததோடு காரியம் முடிந்தது. அயற்பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டு நடத்தியதாக நானறியேன். ஆதலால் 'பாரம்பரியப் பிறந்தநாள் விளையாட்டு' ஒன்றை மீட்கப் புறப்படுவோர் இல்லாத ஊருக்குப் போகாத வழி காட்டுவோரே. பல்லாங்குழியைக் கண்காட்சி மேசையில் வைத்துப் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் பண்பாடு பிழைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பழையன யாவும் கருணை மிக்கன என்பதும் பொய். போளையடித்துத் தோற்றவன் கைமுட்டியால் போளையைத் தள்ளிச்செல்ல வேண்டிய தண்டனையை நான் அனுபவித்திருக்கிறேன், தோல் உரியும். கிட்டிப்புள்ளில் என் தங்கையை நாங்கள் ஒருநாளும் சேர்த்ததில்லை.

எங்கிருந்து வந்தது என்பதன்று, தோற்ற பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. ஒளித்துப் பிடித்தலில் அகப்பட்டவன் அடுத்துத் தேடுபவன் ஆகிறான். தோல்வி அவனுக்கு மேலும் வேலை தருகிறது. கண்கட்டி ஆட்டத்திலும் அவ்வாறே. நாங்கள் ஆடிய கிளித்தட்டில் ஒருவர் தொடப்பட்டால் கட்சி மாறும். ஓடியவர் கோடு காக்க, காத்தவர் ஓடுவர். சடுகுடுவில் ஆட்டமிழந்தவன்கூடத் தன் கட்சி எதிரியை வீழ்த்தியதும் மீண்டும் களம் புகுகிறான். வெளியே அனுப்பிய பிள்ளையைத் திரும்ப அழைக்கும் வழியொன்று இவ்வாட்டங்களின் விதியிலேயே உண்டு.

அன்றைய விழாவிலும் இதனைக் கண்டேன். பெரியோர் உணவுப் பந்தியில் இருந்தபோது பிள்ளைகள் சிலர் வாகனத் தரிப்பிடத்துக்கு நழுவினர். அங்கே பதித்திருந்த சீமெந்துக் கற்களின் கோடுகளே தட்டாயின. கிளியாக நின்று நடுக்கோட்டில் பறந்தவள் முன்னர் கதிரை இழந்த அதே சிறுமி. நகரத்துப் பிள்ளைகளுக்கு விதி சொல்லிக் கொடுத்ததும் அவளே. பிறந்தநாட் பிள்ளை மட்டும் வரவில்லை. அவன் முடியோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.

இவ்விடத்தில் எனக்கே ஒரு தயக்கம். அப்படத்தை எள்ளிப் பேச என்னால் இயலவில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 2012 செப்தெம்பரிலேயே அது மூடப்பட்டது. அன்று பத்து வயதாயிருந்தோர் பலர் இன்று தாய் தந்தையர். இடம்பெயர்வில் குடும்பப் படங்களைத் தொலைத்தோர் அவர்கள். தம் பிள்ளைக்கு ஒரு முடியும், ஒரு கேக்கும், சுவரில் மாட்ட ஒரு படமும் வேண்டுமென அவர்கள் விரும்புவதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது வன்னியை அறியாதோர் பேச்சு. ஆயினும் அப்பெற்றோரிடமே கேட்கத் தோன்றுகிறது: 'வெளியேறு' என்ற சொல்லை இத்தனை முறை கேட்ட மண்ணில், அதனைப் பிள்ளைகளின் களியாட்டத்துக்கும் விதியாக்க வேண்டுமா?

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. இலங்கை அதனை 1991இல் ஏற்றது. போரால் நொந்த பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையுமே மருந்தாகலாம் என்ற நம்பிக்கையில் மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இவற்றை நாம் விரிவுரைகளில் சொல்வோம், மண்டபத்தில் மறப்போம்.

மாற்று வழி செலவு மிக்கதுமன்று. கனடிய அறிஞர் டெரி ஓர்லிக் 1978இல் வெளியிட்ட கூட்டுறவு விளையாட்டு நூலில் சங்கீதக் கதிரைக்கே வேறொரு விதி வகுத்தார். சுற்றுக்கொரு கதிரையை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளில் எவரையும் எடுக்கக்கூடாது. எஞ்சிய கதிரைகளில் எல்லாரும் நெருங்கி, மடியிலும் தோளிலுமாக இடம் தேடிக்கொள்ள வேண்டும். அதே பாட்டு, அதே கதிரைகள்.

நம் மாணவருள் சிலர் இவ்விழாக்களில் அறிவிப்பாளராகச் சென்று கைச்செலவுக்கு உழைப்பதை அறிவேன். அதில் இழிவேதும் இல்லை. அவர்களிடம் ஒன்று வேண்டுவேன். பம்பைமடுவிலிருந்து அடுத்த சனிக்கிழமை நகரத்துக்குப் புறப்படும்போது இந்த விதியை மனத்தில் கொண்டு செல்லுங்கள். மண்டபக்காரரின் அனுமதி அதற்குத் தேவையில்லை. ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கிறது. பிறந்தநாட் பிள்ளையின் முடியைக் கழற்றி அவனையும் ஆட்டத்தில் சேருங்கள். இருபது பிள்ளைகள் நான்கு கதிரைகளில் ஏறிச் சரிந்து விழுகையில் ஒளிப்படக்காரருக்கும் நல்ல படம் கிடைக்கும்.