475 டாலரும் ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லும்

மிஷெல் ஒபாமாவின் தாய்வழி முன்னோர் பற்றிய தேடல் 2009இல் செய்தியானபோது, பலரும் அதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் வாசித்தார்கள். அடிமைப் பெண் ஒருத்தியிலிருந்து ஐந்தே தலைமுறையில் வெள்ளை மாளிகை! அமெரிக்கா எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள் என்று நம் ஊரிலும் சிலர் புல்லரித்தார்கள். நமக்குப் புல்லரிக்கவில்லை தோழர்களே. அந்தப் பெண் மெல்வினியா எந்தக் காகிதத்தில் கிடைத்தார் என்று முதலில் கேட்போம்.

ஓர் உயிலில் கிடைத்தார். தென் கரோலினா பண்ணை முதலாளி ஒருவர் 1850இல் தன் சொத்தைப் பிரித்து எழுதினார். ராட்டை, அரிவாள், மேசை விரிப்பு, மாடுகள், கூடவே ஆறு வயது மெல்வினியா. பிறகு நடந்த சொத்து மதிப்பீட்டில் அவருடைய விலை 475 டாலர். அந்த விலைதான் அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் சேதி. முதலாளி இறந்ததும் ஜார்ஜியாவில் இருந்த மகள் வீட்டுக்கு, ஷீல்ட்ஸ் குடும்பத்துப் பண்ணைக்கு, அந்தக் குழந்தை அனுப்பப்பட்டது.

அதற்குப் பிறகு தேடுபவர்கள் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். கறுப்பின மக்களில் பெரும்பாலானோர் பெயரோடு கணக்கில் ஏறியது 1870இல்தான். அந்த ஆண்டு மெல்வினியா பண்ணைத் தொழிலாளி, நான்கு குழந்தைகளுக்குத் தாய். மூன்று குழந்தைகளின் பெயருக்கு நேரே ‘முலாட்டோ’, அதாவது வெள்ளை–கறுப்புக் கலப்பு என்ற குறிப்பு. பக்கத்து வீட்டில் பழைய முதலாளியின் மகன்.

மகன் டால்ஃபஸ் பிறந்தபோது மெல்வினியாவுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். தந்தை அந்தப் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கக்கூடும் என்பதை மரபணுச் சோதனையின் துணையோடு 2012இல் வெளியான ஒரு நூல் சொன்னது. உடனே ‘காதலாகவும் இருக்கலாமே’ என்று ஒரு குரல் எழுந்தது. இந்தக் குரல் நமக்குப் புதிதா என்ன? பண்ணையார் வீட்டுக் கதைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்ததுதானே! வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூட அடிமைப் பெண்ணுக்கு உரிமை இல்லை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டது. மற்ற அடிமை மாநிலங்களிலும் அதுதான் நிலை. மகன் பெற்ற பிள்ளை அப்பன் கணக்கில் சொத்தாக ஏறும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பதினைந்து வயதுச் சிறுமியிடம் எந்தக் காதலைத் தேடுகிறீர்கள்?

ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களைப் பார்த்து, நாமும் நம் வம்சாவளியைத் தேடி ஒரு ராஜாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம் தம்பிகள் சிலர் நினைக்கிறார்கள். ராஜாக்களின் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள் தம்பி. சோழர் காலத்தில் மனிதர்கள் வாரிசுகளோடு சேர்த்துக் கோயிலுக்கு விற்கப்பட்ட செய்தி அதிலேயே இருக்கிறது. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’யை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கியது சும்மா இல்லை. உடைமையாளன் எழுதி வைத்த கணக்கில்தான் நம்மவர்களையும் தேடியாக வேண்டியிருக்கிறது. எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்ற கேள்வியோடு தேடுவோம்.

மெல்வினியா 1938இல், தொண்ணூறு வயதைக் கடந்து இறந்தார். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறது.

ஆனால் வல்லுநர்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே அவர் தன் ஆட்களைத் தேடிப் போயிருந்தார். முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ ஷீல்ட்ஸ் நிலத்தை விட்டுக் கிளம்பி, ஜார்ஜியாவின் பார்ட்டோ மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தென் கரோலினாப் பண்ணையில் தன் குழந்தைப் பருவத்தில் கூட இருந்த மரையா, போலஸ் ஈஸ்லி இருவரோடும் மறுபடி சேர்ந்து வாழ்ந்தார். அவர்களின் மகள் ஆலிஸைத்தான் டால்ஃபஸ் மணந்தார்.