'கிரெடிட்' என்றால் எந்தக் கிரெடிட்?

வியாபாரிகளாகிய நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'கிரெடிட்' என்ற சொல்லைப் பாவிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். "சாமானை கிரெடிட்டுக்குப் போட்டிருக்கிறேன்", "பேங்கில் காசு கிரெடிட் ஆகிவிட்டது", "கம்பனி கிரெடிட் நோட் தந்தது", "கிரெடிட் கார்ட் எடுப்பீங்களா?" என்று கடையில் பேசுகிறோம். வீட்டுக்குப் போனால், மகன் ஓ.எல். பரீட்சையில் கணிதத்திற்கு 'சி' எடுத்திருக்கிறான். அந்த 'சி'யும் கிரெடிட்தான்.

சொல் ஒன்று, பொருள் பல. பள்ளிக்கூடத்தில் பொருள் மாறினால் புள்ளி குறையும். வியாபாரத்தில் மாறினால் காசு போகும், சில வேளை உறவும் போகும்.

இந்தச் சொல்லின் மூலம் லத்தீன் மொழியிலே இருக்கிறது. நம்புதல் என்பதே அதன் அர்த்தம். கடன் என்ற பொருள் அதிலிருந்து வந்ததுதான். ஒருவனை நம்பிச் சாமான் கொடுக்கிறோம், அதனால் அது கிரெடிட். 'லோன்' என்பது கொடுத்த பணத்தைக் குறிக்கும். 'டெட்' என்பது வாங்கியவன் தலையிலுள்ள பாரத்தைக் குறிக்கும். 'கிரெடிட்' என்பது கொடுத்தவன் வைத்த நம்பிக்கையைக் குறிக்கும். தமிழில் மூன்றையும் 'கடன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

முதலில் தவணையைப் பார்ப்போம். புறக்கோட்டையிலிருந்து ஊர்க் கடைக்குச் சாமான் போகிறது. பேச்சு "30 நாள் கிரெடிட்". எந்த நாளிலிருந்து 30? மொத்த வியாபாரி பில் திகதியிலிருந்து எண்ணுகிறார். ஊர்க் கடைக்காரர் லொறி வந்து சாமான் இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார். இன்னொருவர் மாதக் கடைசியிலிருந்து எண்ணுகிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் செக் வங்கிக்குப் போகும் நாளில் கணக்கில் காசு இருக்காது. செக் திரும்பினால் பெயரும் திரும்பிவிடும்.

அடுத்தது கிரெடிட் நோட். பழுதான சாமானைத் திருப்பி அனுப்பினால் கம்பனி தருவது காசு அல்ல, உங்கள் பாக்கியில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதற்கான துண்டு. மறுபடி அவர்களிடம் சாமான் எடுத்தால்தான் அதற்குப் பெறுமதி. அந்தக் கம்பனியோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தப் போகிறவர், காசாகத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பேங்க் ஸ்டேட்மென்ட். அதிலே 'சி.ஆர்.' என்று விழுந்தால் நமக்குச் சந்தோஷம். ஆனால் நமது சொந்தக் கணக்குப் புத்தகத்தில் காசு வந்தால் டெபிட்டில்தான் எழுத வேண்டும். கணக்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இதிலே குழம்புகிறார்கள். காரணம் எளிது. ஸ்டேட்மென்ட் வங்கியின் புத்தகத்திலிருந்து எடுத்த பிரதி. நாம் போட்ட காசு வங்கி நமக்குத் தர வேண்டிய கடன், அதனால் அவர்களுக்கு அது கிரெடிட். யாருடைய புத்தகம் என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான்காவது, இறக்குமதி செய்வோருக்குத் தெரிந்த எல்.சி., அதாவது 'லெட்டர் ஒஃப் கிரெடிட்'. "எல்.சி. திறந்துவிட்டேன், இனிப் பயமில்லை" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் உறுதி. உலகம் முழுவதும் எல்.சி.களுக்குப் பாவிக்கும் யு.சி.பி. 600 என்ற விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வங்கி பார்ப்பது பத்திரங்களையே, பொருட்களையல்ல என்று அவை தெளிவாகக் கூறுகின்றன. பத்திரம் சரியாக இருந்தால், பெட்டிக்குள் கழிவுத் துணி இருந்தாலும் காசு போய்விடும். சாமானின் தரத்திற்கு வேண்டியது பரிசோதனைச் சான்றிதழ். அதையும் எல்.சி.யில் கேட்க வேண்டிய பத்திரங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பெயர் என்ற பொருளிலான கிரெடிட். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கிரெடிட் தகவல் பணியகத்தை நாம் 'கிரிப்' என்கிறோம். வங்கியில் எடுத்த கடன் மட்டுமல்ல, மற்றவருக்காகப் பிணை நின்றதும் அங்கே பதிவாகும். "சும்மா ஒரு கையொப்பம்தானே மச்சான்" என்று கேட்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், போடுபவர் தெரிந்திருக்க வேண்டும். நாட்டுக்கும் இதே நிலைதான். 2022 ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. அந்த வருடம் எல்.சி. திறக்க வங்கிகளில் டொலர் இல்லாமல் எத்தனை இறக்குமதியாளர்கள் திண்டாடினார்கள் என்பதை நாம் கண்டோம். நம்பிக்கை போனால் மற்றக் கிரெடிட்டுகளும் கூடவே போய்விடுகின்றன.

இவ்வளவு பொருள் உள்ள ஒரு சொல்லை நாம் வாயால் மட்டும் பேசி முடிக்கிறோம். எழுதக் கேட்டால், "என்ன ஹாஜியார், என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் எழுதுவதில்லை. இந்த வெட்கம் தேவையற்றது என்பதே எனது அபிப்பிராயம். குர்ஆனில் மிக நீளமான வசனம், சூரா அல் பகராவின் 282 ஆவது வசனம், தவணைக் கடனை எழுதுவது பற்றியதே. சிறிதோ பெரிதோ தவணையோடு எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் கூறுகிறது. கடனுக்கும் ரொக்கத்திற்கும் இடையிலான வித்தியாசம் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது.

நாட்டுச் சட்டமும் எழுத்தைத்தான் மதிக்கிறது. வழக்குத் தொடரும் காலத்தை வரையறுக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க பிரிஸ்கிரிப்ஷன் ஓடினன்ஸ், விற்றுக் கொடுத்த சாமானுக்கும் கடைப் பாக்கிக்கும் ஒரு வருடத்தையே தருகிறது. எழுத்து மூலமான வாக்குறுதிக்கு ஆறு வருடம். "நம்ம ஆள்தானே, தருவார்" என்று பெருநாளுக்குப் பெருநாள் தள்ளிப்போடுவோர் இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். பெரிய பாக்கி நிற்பவர்கள் ஒரு சட்டத்தரணியைக் காண்பது நல்லது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. பில்லிலே 'கிரெடிட்' என்று மட்டும் எழுதாமல், காசு தர வேண்டிய திகதியை எழுதுங்கள். '30 நாள்' வேண்டாம், நாளும் மாதமும் வருடமும் போடுங்கள். வாங்குபவர் பெயரோடு கையொப்பம் வைக்கட்டும். சாமான் திரும்பினால் காசா, கிரெடிட் நோட்டா என்பதை அதே பில்லில் ஒரு வரியில் சேருங்கள். மாதம் ஒரு முறை பாக்கியைக் காட்டி இரு பக்கமும் கையொப்பமிடுங்கள்.

உங்களிடம் சாமான் எடுப்பவரிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள். நீங்கள் எடுக்கும் இடத்திலும் நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுப்பவரை நம்பாத மொத்த வியாபாரி புறக்கோட்டையில் இல்லை.